சித்தாள் கையில் கரணை

வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து நிற்கிற தாம்பரம் மெப்ஸ் தங்கைகளே!

முடிச்சூரிலும் மேடவாக்கத்திலும் எழுந்து நிற்கிற அடுக்குமாடிகளைப் பாருங்கள். மணல் சலித்தது யார்? கலவை சுமந்தது யார்? செங்கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறியது யார்? சித்தாள்! பதினெட்டு வயதில் சித்தாளாக வருகிறாள். ஐம்பது வயதில், முழங்கால் தேய்ந்த பிறகும் சித்தாள்தான். அவளோடு அதே வருடம் பெரியாளாக வந்த பையன் சில வருடங்களில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிறான், அப்புறம் மேஸ்திரி ஆகிறான். அவன் உயரட்டும், அவனும் நம் பிள்ளைதான். அவள் ஏன் உயரவில்லை?

கேட்டால், "பொம்பளைக்குச் சாரத்தில் நின்று வேலை பார்க்க வராது" என்கிறார்கள். செங்கல்லோடு ஏறத் தெரிந்தவளுக்குக் கரணையோடு நிற்கத் தெரியாதா?

சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அதை எப்படித் தாண்டுகிறார்கள் தெரியுமா? கூலி கூடிய வேலையை ஆணுக்கு ஒதுக்கிவிட்டு, "எங்கள் சித்தாள்கள் எல்லோருக்கும் ஒரே கூலிதானே கொடுக்கிறோம்" என்கிறார்கள். நம் மடியில் கை வைப்பது இந்த இடத்தில்தான்.

இந்தத் தந்திரம் புதிதல்ல. மும்பையில் மெக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் கம்பெனி. அங்கே சுருக்கெழுத்தராக இருந்த ஆட்ரி டி'கோஸ்டா, ஆண் சுருக்கெழுத்தருக்குக் கொடுக்கும் சம்பளத்தைத் தனக்கும் கேட்டு வழக்காடினார். அதிகாரிகளிடம் வேலை பார்க்கும் பெண்கள் தனி வகை என்றது கம்பெனி. 1987-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரே தன்மையான வேலை, ஒரே சம்பளம். கொடுக்கப் பணமில்லை என்ற சாக்கும் செல்லாது என்றது. அதே ஆண்டு அந்த 1976 சட்டத்தைத் திருத்தி, பதவி உயர்விலும் பயிற்சியிலும் இடமாற்றத்திலும் பாகுபாடு கூடாது என்று சேர்த்தார்கள். நமக்கு வேண்டியது அதுதான்! ஆனால் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, பணி நிபந்தனைகள் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறது. பதவி உயர்வு, பயிற்சி என்ற சொற்களைக் காணோம். வெளிப்படையாக எழுதியிருந்தபோதே கிடைக்காதது, எழுதாதபோது தானாகவா கிடைக்கும்?

மெப்ஸுக்கு வாருங்கள். 1984-இல் தொடங்கிய ஏற்றுமதி வளாகம். தையல் லைனில் வரிசை வரிசையாகப் பெண்கள். கட்டிங் மாஸ்டர், சூப்பர்வைசர் என்றால் பெரும்பாலும் ஆண். தையல் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியை அரசு 2014-இல் உயர்த்தியபோது, அதை எதிர்த்து ஆடைக் கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் வழக்குப் போட்டன. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் உயர்வு செல்லும் என்றது. அதுவரை காத்திருந்தது யார் வயிறு?

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்தது, தாம்பரம் சானடோரியத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான தோழி விடுதி வந்தது. இரண்டையும் மனதார வரவேற்கிறேன். வேலைக்குப் போக வழியும் தங்க இடமும் கிடைத்தன. போய்ச் சேர்ந்த இடத்தில் உயர வழி வேண்டாமா?

இதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் செங்கல்பட்டு. 1929-இல் அங்கே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், எந்தத் தொழிலையும் செய்ய உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சொத்துரிமைக்கு 1989-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அறுபது வருடம்! தொழில் உரிமைக்கு இன்னும் எத்தனை வருடம்?

ஆகவே கேட்கிறோம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் கொத்தனார் பயிற்சியில் பாதி இடம் சித்தாள்களுக்கு வேண்டும், பயிற்சி நாட்களுக்குக் கூலியும் வேண்டும். மெப்ஸ் கம்பெனிகள், எந்தப் பதவியில் எத்தனை பெண்கள், என்ன சம்பளம் என்று வாசலில் எழுதிப் போட வேண்டும். தாம்பரம் மாநகராட்சி தன் கட்டட வேலைகளில் பெண் கொத்தனார்களை வைக்க வேண்டும் என்று ஒப்பந்ததாரருக்கு நிபந்தனை போட வேண்டும். அடுத்த டெண்டரிலேயே போட வேண்டும்!