அம்மாவோட முழங்கால், நான் வெச்ச தலையணை

சேலையூர்ல எங்க முதல் மாடி வீட்டு பெட்ரூம்ல ஃபேனை ஆஃப் பண்ணிட்டு பேசிக்கிட்டு இருக்கேன். பின்னாடி குக்கர் விசில் கேட்டா மன்னிச்சுக்கோங்க.

வழக்கமா இங்க வேலை, அப்ரைசல், இ.எம்.ஐ. பத்திதான் பேசுவோம். இன்னைக்கு அம்மாவோட முழங்கால் பத்தி. "எனக்கு 28 வயசு, எனக்கெதுக்கு இது"ன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. படி ஏறும்போது பாதியில கைப்பிடியைப் பிடிச்சு ஒரு நிமிஷம் நிக்கிறவங்க உங்க வீட்லயும் ஒருத்தர் இருப்பாங்க. நாளைக்கு ஆஸ்பத்திரி ஃபார்ம்ல கையெழுத்துப் போடப்போறது நீங்கதான்.

அம்மாகிட்ட கேட்டுட்டுதான் இதைப் பேசுறேன். அவங்க போட்டது ஒரே கண்டிஷன்: "என் எடையைச் சொல்றதா இருந்தா உன் எடையையும் சொல்லணும்." சொல்றேன்.

அம்மாவுக்கு 62 வயசு, உயரம் 152 சென்டிமீட்டர், ஆபரேஷனுக்கு முன்னாடி எடை 79 கிலோ. எனக்கு 29 வயசு, 172 சென்டிமீட்டர், அப்போ 91 கிலோ. இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினா உடல் பருமன்னு நம்ம ஊர் டாக்டர்கள் கணக்கு வெச்சிருக்காங்க. அம்மாவுக்கு 34, எனக்கு 31. ஆனா எங்க வீட்ல "வெயிட்டைக் குறை"ங்கிற அட்வைஸ் ஒரே பக்கமாதான் போய்க்கிட்டு இருந்தது. நான் அம்மாவுக்குச் சொல்வேன், ராத்திரி 11 மணிக்கு பரோட்டா ஆர்டர் பண்ணிக்கிட்டே.

ஆறு வருஷமா ரெண்டு முழங்கால்லயும் வலி. இடது கால் ரொம்ப மோசம். எக்ஸ்ரேல ரெண்டு எலும்புக்கும் நடுவுல இடைவெளியே இல்ல. போன வருஷம் ஜனவரியில இடது காலுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன். அம்மாவுக்கு பயம். நான் வாஜ்பாய் கதையைச் சொன்னேன். அவர் பிரதமரா இருக்கும்போதே 2000 அக்டோபர்ல மும்பை பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில இடது முழங்காலும், 2001 ஜூன்ல வலது முழங்காலும் மாத்திக்கிட்டார். முதல் ஆபரேஷன் நடந்தப்போ அவருக்கு 75 வயசு. அதைக் கேட்டுட்டு அம்மா சொன்னாங்க: "அவருக்குப் பார்த்துக்க ஒரு ஆஸ்பத்திரியே பின்னாடி வரும்டா. எனக்கு நீதானே இருக்க?" அது எவ்வளவு சரியான கேள்வின்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சது.

பணத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. 2017 ஆகஸ்ட்ல மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டோட விலைக்கு உச்சவரம்பு போட்டுச்சு. அதிகமா பயன்படுற கோபால்ட் குரோமியம் வகை, சராசரியா 1,58,324 ரூபாய் இருந்தது, ஜிஎஸ்டி இல்லாம 54,720 ரூபாய்க்கு வந்தது. நல்ல விஷயம். ஆனா பில்லுல மூட்டு ஒரு வரிதான். ரூம், தியேட்டர், டாக்டர் எல்லாம் தனி. எங்க இன்ஷூரன்ஸ்ல வீட்டுக்கு வர்ற ஃபிசியோவுக்கு காசு கிடையாது. அதனால நான் என்ன நினைச்சேன்? "மூட்டுதான் மெயின், ஃபிசியோ எக்ஸ்ட்ரா." முதல் தப்பு அதுதான்.

இந்த ஆபரேஷன்ல உண்மையில என்ன நடக்குதுன்னு சொல்றேன். முழங்காலையே கழட்டி எறியறதில்ல. தொடை எலும்போட கீழ் முனையையும், கீழ்க்கால் எலும்போட மேல் முனையையும் கொஞ்சம் செதுக்கி, உலோக மூடி போடுறாங்க. நடுவுல ஒரு பிளாஸ்டிக் தட்டு. அவ்வளவுதான். அந்த மூட்டை இழுத்து நிமிர்த்துற தொடைத் தசை அதே பழைய தசைதான், ஆறு வருஷமா வலிக்குப் பயந்து சும்மா இருந்த தசை. அதுக்கு மேல ஆபரேஷன் வீக்கம் வேற. வீக்கம் இருக்கிற வரைக்கும் மூளை அனுப்புற சிக்னல் தொடைக்கு முழுசா போய்ச் சேராது. ஒரு மாசத்துல தொடையோட பலம் ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்ததுல பாதிக்கும் கீழ போயிடுதுன்னு அளந்தே பார்த்திருக்காங்க. மூட்டு புதுசு, அதை ஓட்டுற மோட்டார் வீக்.

நாலாம் நாள் டிஸ்சார்ஜ். நான் ரெண்டு வாரம் வொர்க் ஃபிரம் ஹோம் வாங்கிட்டேன். ராஜா மாதிரி பார்த்துக்கணும்னு முடிவு. தண்ணி கட்டிலுக்கே வரும், இட்லி கட்டிலுக்கே வரும், ஃபோன் சார்ஜர் கட்டிலுக்கே வரும். அம்மா கால் நீட்டினா வலிக்குதுன்னாங்க. முழங்காலுக்கு அடியில பஞ்சு மாதிரி ஒரு தலையணையை வெச்சேன். "அப்பாடா"ன்னாங்க. எனக்கு அவ்வளவு பெருமை.

ரெண்டாவது வாரம் ஃபிசியோ வந்தாங்க. 25 வயசு இருக்கும். உள்ள வந்ததும் முதல் கேள்வி: "இந்தத் தலையணையை யார் வெச்சது?"

நான் கையைத் தூக்கினேன், ஸ்கூல் பையன் மாதிரி.

"அண்ணா, முழங்கால் மடங்கின மாதிரியே தூங்கினா அப்படியே இறுகிடும். அப்புறம் நேரா நிக்கவே முடியாது. வைக்கணும்னா குதிகாலுக்கு அடியில வைங்க, முழங்கால் தானா கீழ இறங்கட்டும். ஆஸ்பத்திரியில கொடுத்த பேப்பர்ல போட்டிருக்குமே?"

போட்டிருந்தது. ரெண்டாவது பக்கம், படத்தோட. நான் பில்லை மூணு தடவை செக் பண்ணேன், அந்தப் பேப்பரைப் பிரிக்கவே இல்ல.

ஃபிசியோ கோணம் அளக்கிற ஸ்கேல் வெச்சுப் பார்த்தாங்க. கால் முழுசா நீட்ட 12 டிகிரி பாக்கி. மடக்கினா 60 டிகிரிதான். ஒரு கணக்குக்குச் சொல்றேன்: சும்மா நடக்கவே 60, 70 டிகிரி வேணும். படி ஏறி இறங்க 90-ஐ ஒட்டி வேணும். தாழ்வான சோபாவில இருந்து எழுந்திருக்க 100-க்கு மேல. எங்க வீட்டுக்கு 18 படி, லிஃப்ட் கிடையாது.

அதுக்கப்புறம் வாரம் மூணு நாள் ஃபிசியோ. ஆனாலும் ஆறாவது வாரம் மடக்கம் 78-ல நின்னுடுச்சு. ரிவ்யூல டாக்டர் நிதானமா சொன்னார்: "இன்னும் சில வாரம் பார்ப்போம். 90 வரலைன்னா மயக்க மருந்து கொடுத்து நாங்க மடக்கிவிட வேண்டி வரும்." திரும்பி வரும்போது ஆட்டோவில அம்மா ஒரு வார்த்தை பேசல. கேம்ப் ரோடு சிக்னல்ல நிக்கும்போது மட்டும், "இன்னொரு தடவை மயக்க ஊசி வேண்டாம்டா"ன்னாங்க.

எனக்கு ஆறுதலா ஒரே ஒரு நம்பர் இருந்தது. எடை. 79-ல இருந்து 75. நாலு கிலோ! ஃபேமிலி குரூப்ல போட்டேன், சித்தி ஹார்ட் எல்லாம் விட்டாங்க. மறுநாள் ஃபிசியோகிட்டயும் பெருமையா காட்டினேன். அவங்க சிரிக்கல. டேப் எடுத்து ரெண்டு தொடையையும் சுத்தி அளந்தாங்க. இடது தொடை வலதை விட 4 சென்டிமீட்டர் கம்மி.

"இது கொழுப்பு மட்டும் இல்ல அண்ணா. நிறைய தசை போயிருக்கு. ஆன்ட்டி என்ன சாப்பிடுறாங்க?"

அம்மா சாப்பிட்டது: காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் ரசம் சாதம் கொஞ்சம், ராத்திரி கஞ்சி. ஆபரேஷனுக்கு அப்புறம் பசியே இல்ல. அதோட "எடை குறையணும்"னு நான் சொன்னது அவங்க தலையில ஓடிக்கிட்டே இருந்திருக்கு. முட்டை சூடு, தயிர் சளின்னு நிறுத்திட்டாங்க. ஒரு இட்லியில புரோட்டீன் சுமார் 2 கிராம்தான். ஆபரேஷன் ஆகாத ஆளுக்கே ஒரு கிலோ உடம்பு எடைக்கு 0.83 கிராம் வேணும்னு ஐசிஎம்ஆர் சொல்லுது. புண் ஆறுற உடம்புக்கு அதைவிட அதிகம். டயட்டீஷியன் எழுதிக் கொடுத்தது 70 கிராம். நாங்க கணக்குப் போட்டா 30-ஐத் தாண்டல.

அதாவது, காலை நிமிர்த்த வேண்டிய தசையையே கரைச்சுட்டு, அதை "வெயிட் லாஸ்"னு நான் கொண்டாடிக்கிட்டு இருந்தேன்.

அன்னைக்கு ராத்திரி அம்மா சொன்னதை அப்படியே சொல்றேன். "நீ என்னை உட்கார வெச்சுப் பார்த்துக்கிற. நான் எழுந்திருக்கத்தானே ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்?"

மறுநாள்ல இருந்து மாத்தினோம். பெரிய விஷயம் எதுவும் இல்ல.

முதல்ல, வலி மாத்திரை. "கிட்னி போயிடும்"னு அம்மா அதை ஒளிச்சு வெச்சிருந்தாங்க. டாக்டர்கிட்ட கேட்டோம். கிட்னி டெஸ்ட் நார்மல், அவர் சொன்ன அளவுல, எக்ஸர்சைஸுக்கு அரை மணி நேரம் முன்னாடி. வலியோட மடக்கினா உடம்பு எதிர்க்கும், வலி குறைஞ்சா 5 டிகிரி கூட வரும். முடிச்சதும் ஐஸ் ஒத்தடம்.

ரெண்டாவது, சாப்பாடு. காலையில ரெண்டு முட்டை, 11 மணிக்கு மோர், சாயங்காலம் சுண்டல், மத்தியானம் சாதத்தைக் குறைச்சு பருப்பும் மீனும். கிட்னி பிரச்சினை இருக்கிறவங்க இதை அப்படியே காப்பி அடிக்காதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க.

மூணாவது, என்னோட சர்வீஸ் கட். தண்ணி சமையல்கட்டுல இருக்கும். வேணும்னா வாக்கர் பிடிச்சுப் போகணும். ஹால்ல இருந்து பால்கனிக்கு 11 மீட்டர். ரோட்டுல நடக்க வைக்கல. எங்க தெருவுல பைக்கும் நாயும் பார்த்தா நானே பயப்படுவேன். வீட்டுக்குள்ளயே ஒன்பது தடவை போனா 99 மீட்டர். காலண்டர்ல அம்மாவே கோடு போடுவாங்க, பால் கணக்கு மாதிரி.

நாலாவது, எடை மெஷினை பரண்ல போட்டோம். அதுக்குப் பதிலா மூணு நம்பர்: எத்தனை டிகிரி மடங்குது, எத்தனை மீட்டர் நடந்தாங்க, 30 செகண்ட்ல கையை ஊன்றாம நாற்காலியில இருந்து எத்தனை தடவை எழுந்து உட்கார்றாங்க. கடைசியா சொன்னது டாக்டர்களே பயன்படுத்துற டெஸ்ட். 60-லிருந்து 64 வயசுப் பெண்களுக்கு 12-க்குக் கீழ இருந்தா கம்மின்னு கணக்கு. அம்மாவுக்கு ஆரம்பத்துல 4.

பத்தாவது வாரம் 102 டிகிரி. மயக்க ஊசி தேவைப்படல. அம்மா ஃபிசியோவுக்கு ரவா லட்டு பிடிச்சுக் கொடுத்தாங்க. அந்தப் பொண்ணு ஒண்ணுதான் எடுத்துக்கிச்சு, மிச்சத்தை யார் சாப்பிட்டதுன்னு கேட்காதீங்க.

மூணாவது மாசம் மெஷினை இறக்கிப் பார்த்தா 76.5. ஏறியிருக்கு! நான் பதறிட்டேன். ஃபிசியோ டேப்பை எடுத்தாங்க. தொடை வித்தியாசம் 2 சென்டிமீட்டரா குறைஞ்சிருந்தது. "இப்ப ஆரம்பிக்கலாம் ஆன்ட்டி, எடை குறைக்கிறதை"ன்னாங்க. அங்க இருந்துதான் மெதுவா இறங்குச்சு. எட்டாவது மாசம் 72. நாற்காலி டெஸ்ட்ல 13.

ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன். ஆபரேஷன் முடிஞ்சா வலி போகும், வலி போனா நடப்பாங்க, நடந்தா எடை தானா குறையும்னுதான் நானும் நம்பினேன். பெரும்பாலும் அப்படி நடக்கிறதில்ல. நிறைய பேருக்கு எடை அப்படியே இருக்கு, சிலருக்கு ஏறவும் செய்யுது. ஏன்னா வலி இருந்த வருஷங்கள்ல வீடே அவங்களைச் சுத்தி ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கும். ரிமோட் பக்கத்துல, டீ கைக்கு, கடைக்கு வேற ஆள். வலி போனாலும் அந்த ஏற்பாடு போறதில்ல. அதை நாமதான் கலைக்கணும்.

சரி, அப்போ எடை எதுக்கு குறையணும்? இன்னொரு காலுக்காக. முழங்கால் தேய்மானம் இருக்கிற, எடை அதிகமான வயசானவங்களை வெச்சு 2005-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வு இருக்கு. ஒரு கிலோ குறைஞ்சா, ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மேல விழுற சுமை சுமார் நாலு கிலோ குறையுது. அம்மா ஒரு நாளைக்கு 2,000 அடி நடந்தா, வலது காலுக்கு 1,000 அடி. ஒரு கிலோவுக்கு நாலாயிரம் கிலோ, அதாவது நாலு டன் கூட்டுச் சுமை, ஒரே நாள்ல மிச்சம். அவங்க 7 கிலோ குறைச்சிருக்காங்க.

நடுவுல ஒரு நாள் அம்மா, "நீயும் உட்கார்ந்து எழுந்திருடா, நான் எண்ணுறேன்"ன்னாங்க. 30 செகண்ட்ல எனக்கு 17. மூச்சு வாங்குது. 62 வயசு, புது முழங்கால், 13. 29 வயசு, சொந்த முழங்கால், 17. அம்மா எதுவும் சொல்லல. காலண்டர்ல என் பேருல ஒரு வரி சேர்த்தாங்க. இப்போ நான் 85 கிலோ. பரோட்டா சனிக்கிழமை மட்டும்.

போன அக்டோபர்ல மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். சோழர் காலத்துக் கோயில், எங்க வீட்ல இருந்து பக்கம்தான், ஆனா அம்மா பல வருஷமா வாசல்லயே நின்னு கும்பிட்டுட்டு வந்துடுவாங்க. அன்னைக்கு ஸ்டிக்கை வலது கையில பிடிச்சுக்கிட்டாங்க. ஆமா, ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்க் கைதான். படியில நல்ல கால் முதல்ல ஏறும், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல. பிராகாரத்தை ஒரு சுத்து முழுசா வந்தாங்க. நடுவுல ரெண்டு தடவை நின்னாங்க. நான் கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டாங்க.

தரையில சம்மணம் போட்டு உட்கார இனிமே முடியாது. அரிவாள்மணை பரணுக்குப் போயிடுச்சு, அதுல அவங்களுக்கு வருத்தம்தான். வலது கால் இன்னும் வலிக்குது. அடுத்த மாசம் எக்ஸ்ரே. ஆபரேஷனைத் தள்ளிப் போட முடியுமான்னு டாக்டர் பார்க்கணும். அம்மாவோட இலக்கு 68 கிலோ.

உங்க வீட்ல யாருக்காவது இந்த ஆபரேஷன் நடக்கப் போகுதுன்னா ரெண்டு விஷயம். டிஸ்சார்ஜ் பேப்பரை ரெண்டாவது பக்கம் வரைக்கும் படிங்க. அப்புறம், கெண்டைக்கால்ல திடீர் வீக்கமோ வலியோ, மூச்சுத்திணறலோ, காய்ச்சலோ, காயத்துல இருந்து நீர் வடியறதோ இருந்தா எக்ஸர்சைஸ் வலின்னு விட்டுடாம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அம்மா கதவைத் தட்டுறாங்க. தண்ணி வேணுமாம், எனக்கு. எடுத்துக்கிட்டு வந்திருக்காங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.