டாக்டருக்கு எதற்கு எம்.பி.ஏ.?

நான் கோவையில் பொது மருத்துவர். வேலை பார்த்துக்கொண்டே வார இறுதி வகுப்பில் எம்.பி.ஏ. படிக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர் முகத்தில் முதலில் தெரிவது சந்தேகம்தான். "சொந்தமா ஆஸ்பத்திரி கட்டப் போறீங்களா?" என்பார்கள். கொஞ்சம் உரிமை உள்ளவர்கள், "இப்ப வர்ற பில்லே பத்தாதுங்களா?" என்று கேட்டுவிடுவார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

வகுப்பில் வங்கி மேலாளர், மென்பொருள்காரர், நூற்பாலையில் உற்பத்தியைக் கவனிப்பவர் என்று பலரும் உண்டு. என்னை முதலில் மடக்கியவர் மில்காரர்தான். "ஏனுங்க டாக்டர், எங்கம்மாவ உங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன். எல்லாத்தையும் ஒம்பது மணிக்கே வரச் சொல்லிப்போட்டு பன்னெண்டு மணிக்குப் பார்த்தா எப்படிங்க? மில்லுல பஞ்சை இப்படிக் குமிச்சு வெச்சா முதலாளி விடுவாருங்களா?"

என்னிடம் பதில் இல்லை. மருத்துவக் கல்லூரியில் ஒரு நோயாளியைப் பார்க்கச் சொல்லித் தந்தார்கள். வெளியே காத்திருக்கும் கூட்டத்தைப் பார்க்கச் சொல்லித் தரவில்லை. அது டோக்கன் கொடுப்பவர் பாடு என்றே நாங்கள் வளர்ந்தோம்.

அந்தக் கூட்டத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்பது எம்.பி.ஏ. வகுப்பில்தான் தெரிந்தது. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-இல் நிரூபித்த விதி ஒன்று உண்டு. மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் சராசரியாக எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார்கள், இரண்டையும் பெருக்குங்கள். கூடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்பது வந்துவிடும். மணிக்கு 30 பேர், ஆளுக்கு 2 மணி நேரம் என்றால் 60 பேர். நாற்காலி 40 என்றால் 20 பேர் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். நாம் என்ன செய்வோம்? இன்னும் 20 நாற்காலி வாங்கிப் போடுவோம். தங்கும் நேரத்தை ஒரு மணியாகக் குறைத்தால் 30 பேர்தான் இருப்பார்கள், இருக்கும் நாற்காலியே மிஞ்சும் என்கிறது கணக்கு.

சரி, அந்த இரண்டு மணி நேரம் எங்கே போகிறது? என் எதிரில் உட்காருவது பத்து நிமிடம் இருந்தால் அதிகம். சர்க்கரை நோயாளியையே எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் கொடுக்க வேண்டும். காய்ச்சல்காரரோடு சேர்த்து அவரையும் 9 மணிக்கு வரச் சொன்னால், என்னைப் பார்க்க ஒரு வரிசை, பணம் கட்ட ஒரு வரிசை, லேபில் ஒரு வரிசை, ரிப்போர்ட்டைக் காட்ட மறுபடி என்னிடமே ஒரு வரிசை. போன தடவையே சீட்டை எழுதிக் கொடுத்து, "காலையில் 7 மணிக்கு நேரே லேபுக்குப் போங்க, ரிப்போர்ட்டோட என்னைப் பாருங்க" என்றால் ஒரு வரிசை அடியோடு போய்விடும். புது மெஷினும் வேண்டாம், புது டாக்டரும் வேண்டாம்.

இதையெல்லாம் நமக்குச் சொல்லித்தர அமெரிக்கா வர வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். மதுரை போதும். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களாலேயே அறுவை செய்தவர். அவர் எம்.பி.ஏ. படித்தவரில்லை. ஆனால் 1993-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி அவருடைய மருத்துவமனையைப் பாடமாக்கியது. அங்கே ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். கிராமங்களிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள் மற்ற வேலைகளை முடித்து வைத்திருப்பார்கள். டாக்டர் திரும்பி உட்கார வேண்டியதுதான். கண்ணுக்குள் பொருத்தும் வெளிநாட்டு லென்ஸ் நூறு டாலரை ஒட்டி விற்ற காலத்தில், 1992-இல் ஆரோலாப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கிச் சுமார் பத்து டாலருக்குத் தாங்களே செய்தார்கள். பணம் கட்டுபவர் தரும் கட்டணத்தில் கட்ட முடியாதவருக்கும் பார்வை கிடைத்தது.

இப்போது, 'வர்ற பில்லே பத்தாதா' என்ற அந்தச் சந்தேகத்துக்கு வருகிறேன். பங்குச் சந்தையில் உள்ள மருத்துவமனைகள் ஓர் எண்ணைத் தவறாமல் சொல்லும். நோயாளி இருக்கும் ஒரு படுக்கையிலிருந்து ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு வருவாய் என்பது அது. பித்தப்பைக் கல்லுக்குத் துளை வழி அறுவை செய்துகொண்டவர் சீக்கிரம் வீடு திரும்பினால் அவருக்கும் நல்லது, அந்த எண்ணுக்கும் நல்லது. நிமோனியா வந்த பாட்டிக்கு இன்னும் மூன்று நாள் ஆக்ஸிஜனும் கவனிப்பும் மட்டும் தேவை என்று வையுங்கள். முதல் நாள் எடுத்த பரிசோதனை எல்லாம் முடிந்துவிட்டது, பில் ஏறாது. சராசரியைக் கீழே இழுத்துவிடும் நாட்கள் அவை. நிர்வாகக் கூட்டத்தில் யாரும் பாட்டியை அனுப்பச் சொல்ல மாட்டார்கள். தங்கும் நாட்களைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்வார்கள். அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்த டாக்டர் அங்கே இருந்தால், "எந்த வியாதிக்குக் குறைக்கச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பார். தெரியாதவர் தலையாட்டிவிட்டு வார்டுக்கு வந்து டிஸ்சார்ஜ் எழுதுவார். படிப்பு டாக்டரை வியாபாரியாக்கும் என்று பயப்படுகிறவர்கள், படிக்காத டாக்டரை வியாபாரி எவ்வளவு சுலபமாக நடத்திவிடுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

சேர நினைக்கும் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை போய்விடும், வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். மார்க்கெட்டிங் தாளை எப்படியோ தள்ளிவிடலாம். செலவுக் கணக்கையும் செயல்பாட்டு மேலாண்மையையும் விடாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன் கல்லூரியில் ஒன்று கேளுங்கள்: ப்ராஜெக்டை எங்கள் ஆஸ்பத்திரி ஓ.பி.யிலேயே செய்ய விடுவீர்களா என்று. மாட்டோம் என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.