எடைக்கல்லுக்கும் முத்திரை வேண்டும்



வருமானச் சான்று, பட்டா நகல், மின் கட்டணம்னு ஏதாவது ஒரு சேவைக்கான செயலி உங்க கைபேசியில இருக்கும். அதில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும், உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடி யாராவது சோதிச்சுப் பார்க்கணும் இல்லீங்களா? அந்த வேலையைச் செய்யறவங்கள்ல நானும் ஒருத்தன்.

முன்பெல்லாம் நாங்களே உட்கார்ந்து பெயரை உள்ளிட்டு, தேதியைப் போட்டு, பொத்தானை அழுத்திப் பார்ப்போம். இப்போது பெரும்பாலும் கணினியே அதைச் செய்கிறது. 2004-ல் உருவான செலீனியம் போன்ற கருவிகள், மனிதர் செய்வது போலவே பக்கத்தைத் திறந்து, விவரங்களை நிரப்பி, வந்த விடை சரியா என்று பார்க்கும். சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு. இதுதான் தானியங்கிச் சோதனை.

இப்படிப்பட்ட சோதனைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வேணும், ஒரு தேதி வேணும், ஒரு எண் வேணும். இவற்றைத் தனித்தனியா எழுதி வச்சா, ஒரு விதி மாறும்போது நூறு இடத்துல திருத்தணும். அதுல பத்து இடத்தை மறந்துடுவோம். அதனால் இவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறோம். எல்லாச் சோதனைகளும் அங்கிருந்தே வாங்கிக்கொள்ளும். இவற்றைப் பொது உதவி நிரல்கள் என்று சொல்லலாம்.

இரண்டு உதாரணம் சொல்றேன். முதலாவது, ஆதார் எண். இதில் 12 இலக்கங்கள். 0 அல்லது 1-ல் தொடங்காது. கடைசி இலக்கம், முந்தைய 11 இலக்கங்களிலிருந்து வெர்ஹோஃப் என்ற முறையில் கணக்கிடப்படுவது. ஓர் இலக்கத்தைத் தப்பா அடிச்சாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாத்திப் போட்டாலும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துடும். எங்கள் உதவி நிரல், சோதனைக்கென்றே சரியான அமைப்பில் ஓர் எண்ணைத் தரும். வேண்டுமென்றே பிழையான எண்ணையும் தரும். பிழையான எண்ணைச் செயலி தடுக்குதான்னும் பார்க்கணுமே! எந்தக் குடிமகனின் உண்மையான எண்ணும் இங்கே எடுத்தாளப்படக் கூடாது.

இரண்டாவது, நேரம். பல கணினிகள் உலகப் பொது நேரத்தில் இயங்குகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு நீங்க விண்ணப்பிச்சா, அந்தக் கணினிக்கு அது இன்னும் மார்ச் 31 இரவு 8.30 மணிதான். கவனிக்காமல் விட்டால், உங்கள் விண்ணப்பம் பழைய நிதியாண்டில் போய் விழும். இதைச் சோதிக்க நாங்க ராத்திரி கண் விழிக்க வேண்டியதில்லை. வேண்டிய நாளிலும் மணியிலும் கடிகாரத்தை நிறுத்திக் காட்டும் ஓர் உதவி நிரல் இருக்கிறது.

இவ்வளவு வசதி இருந்தும் நாங்கள் ஒருமுறை சறுக்கினோம்.

நான் வேலை பார்த்த ஒரு சேவையில், சான்றிதழைப் பெயர் கொண்டு தேடும் வசதி இருந்தது. ஓர் அம்மா மூன்று தடவை வந்தார். பெயர் கொளஞ்சி என்று வைத்துக்கொள்வோம். சான்றிதழ் பதிவில் இருக்கிறது. ஆனால் அவர் மகன் கைபேசியில் தேடினால் 'பதிவு இல்லை' என்று வருகிறது. உதவித்தொகைக்கான கடைசித் தேதியோ நெருங்குகிறது. எங்கள் சோதனைகளைப் பார்த்தால் எல்லாம் பச்சை!

காரணம், 'கொ' என்ற எழுத்துக்குள் இருந்தது. இதைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். 'க'வுக்குப் பின் 'ொ' என்ற ஒரே குறியீடு ஒரு விதம். 'க'வுக்குப் பின் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடுகளாக வருவது இன்னொரு விதம். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இரண்டும் சமம் என்றே யூனிகோடு தரம் சொல்கிறது. ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகே மென்பொருள் ஒப்பிட வேண்டும். எங்கள் தேடல் அப்படிச் செய்யவில்லை.

சோதனையில் ஏன் தெரியலைன்னு கேட்பீங்க. பெயர் தரும் உதவி நிரல் எப்போதும் முதல் வடிவத்தையே தந்துகொண்டிருந்தது. பதிவு செய்யும்போதும் அதே வடிவம், தேடும்போதும் அதே வடிவம். கிடைக்காமல் எப்படிப் போகும்?

கடையில் எடைக்கல் தேய்ந்துபோயிருந்தால் அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாமே எடை குறையும். ஆனால் அந்தக் கல்லாலேயே எத்தனை தடவை நிறுத்தாலும் சரியாகத்தான் காட்டும். அதனால்தான் எடைக்கல்லையே தனியாகச் சோதித்து முத்திரை வைக்கிறார்கள். பொது உதவி நிரலும் அப்படித்தான். அதில் குறை இருந்தால், அதை நம்பியிருக்கும் அத்தனை சோதனையும் ஒன்றாகப் பொய் சொல்லும்.

பெயர் தரும் நிரலை ஒரே இடத்தில் திருத்தி, இரண்டு வடிவங்களையும் தரும்படி செய்தோம். அன்று மாலையே பல சோதனைகள் சிவப்பாக மாறின. 'கோ', 'சௌ' வரும் பெயர்களிலும் அதே கோளாறு இருந்தது. யாருக்குமே தெரியாத தவறுகள் அவை. தேடலைச் சரிசெய்த பிறகு அந்த அம்மாவுக்குச் சான்றிதழ் கிடைத்தது. அதற்கு அப்புறம் உதவி நிரல்களுக்கும் தனிச் சோதனை எழுதாமல் நாங்கள் எதையும் சேர்ப்பதில்லை. தலைப்பெழுத்து மட்டும் உள்ள பெயர், ஒற்றைச் சொல் பெயர், பிப்ரவரி 29-ல் பிறந்தவர் எல்லாரும் இப்போது அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். செயலியில் தவறு வந்தால், 'வேலை செய்யலை'ன்னு மட்டும் எழுதிட்டு விட்டுடாதீங்க. எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, என்ன செய்தி வந்ததுன்னு எழுதுங்க. திரைப்படம் எடுத்து அனுப்புவதோடு, நீங்கள் உள்ளிட்ட பெயரை நகலெடுத்து ஒட்டியும் அனுப்புங்கள். படத்தில் இரண்டு 'கொ'வும் ஒரே மாதிரிதான் தெரியும், நகலில்தான் வேறுபாடு பிடிபடும். ஆதார் எண்ணில் கடைசி நான்கு இலக்கம் தவிர மற்றதை மறைத்துவிடுங்கள். ஓடிபியை யார் கேட்டாலும் கொடுக்காதீங்க. சோதிக்கிற எங்களுக்கு அது தேவையே இல்லை.

நீங்க அனுப்பற ஒரு புகாரை நாங்க உதவி நிரலில் ஒரு வரியாகச் சேர்த்தால், அடுத்த நாளிலிருந்து எல்லாச் சோதனையும் அதைப் பார்க்கும். கொளஞ்சி அம்மா மாதிரி இன்னொருத்தர் மூணு தடவை அலைய வேண்டியிருக்காது.