நோட்டு கொடுப்பதற்கு முன் ஒரு கணக்கு

(கல்வி உதவி ஆலோசனைக் கூட்டத்தில் நம் அறக்கட்டளையின் செயலாளர் ஆற்றிய உரை)

 

ஜூன் பிறந்தால் பிள்ளைகளுக்கு நோட்டு கொடுப்பது நம் வழக்கம். இந்த ஆண்டு அதை மாற்றலாம் என்று நான் சொன்னதில் சிலருக்கு வருத்தம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பாடநூல், நோட்டு, புத்தகப் பை, காலணி எல்லாம் அரசே தருகிறது. சிறு வகுப்புகளுக்குக் கிரையான், கலர் பென்சில். பிறகு ஜியோமெட்ரி பாக்ஸ், அட்லஸ். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை நான்கு செட் சீருடை. அதே நோட்டை நாமும் கொடுத்தால் போட்டோ நன்றாக வரும், வேறென்ன? அரசு நோட்டு தாமதமானால் ஏன் என்று கேட்கவும் ஆளில்லாமல் போகும்.

உண்மையான பற்றாக்குறை வகுப்பறையில் இருக்கிறது. சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரசுப் பள்ளிக்கு ஆண்டுதோறும் ஒரு மானியம் உண்டு. 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000 என்று போகும். கேட்கப் பெரிய தொகைதான். 120 பிள்ளைகள் உள்ள பள்ளியை எடுத்துக்கொள்வோம். 50,000 ரூபாயில் பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு. மீதி 45,000. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 375 ரூபாய். மின்கட்டணம், தண்ணீர், இணையம், விளையாட்டுப் பொருள், பழுதான சாமான், கற்பித்தல் உபகரணம் எல்லாம் அதற்குள். முன்பு ஆசிரியருக்கென்று தனியாக ஆண்டுக்கு 500 ரூபாய் இருந்தது. 2018-இல் திட்டங்களை ஒன்றாக்கியபோது அதுவும் பொதுவில் கரைந்துவிட்டது. சார்ட் தாளும் ஸ்கெட்ச் பேனாவும் டீச்சர் சொந்தக் காசில் வாங்குகிறார் என்றால் அதில் ஆச்சரியமில்லை.

நம் சமுதாயம் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளின் நிலை இன்னும் இறுக்கம். ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து வருகிறது, பிள்ளைகளுக்குப் பாடநூல் வருகிறது. ஆனால் இந்த மானியம் அவற்றுக்கு இல்லை. சாக்பீஸ் முதல் ஆய்வகச் சாமான் வரை பெரும்பாலும் நிர்வாகத்தின் தலையில்தான். சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மத்திய அரசு தந்துவந்த கல்வி உதவித்தொகையும் 2022-23-இலிருந்து நின்றுவிட்டது. கல்விதான் இலவசமாயிற்றே என்பது அவர்கள் சொன்ன காரணம்.

ஆகவே என் யோசனை இது. நோட்டுக்கு ஒதுக்கிய பணத்தை உதவிபெறும் பள்ளிகளின் வகுப்பறைச் சாமானுக்கும், ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் ஏழைப் பிள்ளைகளின் சீருடைக்கும் திருப்புவோம். சீருடைக்கு ஜகாத் பணம் போகலாம், அது ஏழையின் கைக்கே சேர்கிறது. சாக்பீஸ், சார்ட்டுக்கு ஜகாத்தைத் தொடமாட்டோம். அதற்குப் பொது நன்கொடை மட்டுமே.

அரசுப் பள்ளிகளில் நம் வேலை வேறு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. மானியம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கேட்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. தலைமையாசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த அல்ல. பணம் வரவில்லை என்றால் அவரோடு சேர்ந்து மேலே எழுத.

குழுவில் ஏற்கெனவே இருக்கும் தாய்மார்கள், கூட்டம் முடிந்ததும் நம் அலுவலக மேசையில் பள்ளியின் பெயரையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். விண்ணப்பம் எழுத நாங்கள் உதவுகிறோம்.