சிறு வண்டியும் பெரும் பாரமும்



ஆந்திரம், கருநாடகம், தமிழகம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் மூலையிலே, சித்தூர் மாவட்டத்தில் ராமகுப்பம் என்னும் ஊர் உள்ளது. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் ஓடித் தமிழகம் புகுவது இவ்வட்டாரத்தின் வழியேதான். தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் விலை பேசும் இடம் இது. ஊரை அடுத்துக் கௌண்டின்ய வனவிலங்குச் சரணாலயத்தின் காடு பரந்து கிடக்கிறது. அக்காட்டு யானைகள் வயல்களில் இறங்கும்போது விரட்டுவதற்கெனக் கும்கி யானைகளைப் பராமரிக்கும் முகாம் ஒன்று, இம்மண்டலத்தைச் சேர்ந்த நன்னியாலாவில் இருக்கிறது.

இவ்வூர்ச் சாலைகளிலே வேறோர் யானையும் உலவுகிறது. 2005-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் 'ஏஸ்' என்னும் பெயரில் ஒரு சிறு சரக்கு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம்மவர் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயரிட்டனர். வடநாட்டார் 'சோட்டா ஹாத்தி' என்றனர். இன்று அதுவும், அதன் இனத்தைச் சேர்ந்த பிற சிறு வண்டிகளும், தக்காளிப் பெட்டி முதல் தைத்த ஆடை வரை எல்லாவற்றையும் சுமக்கின்றன. பெங்களூரிலும் ஐதராபாத்திலும் மும்பையிலும், கடன் வாங்கி இவ்வண்டி ஒன்றை வாங்கி, அதனைக் கொண்டே குடும்பம் நடத்தும் தமிழர் பலர். ஆகவே, இவ்வண்டியில் பெரும் பாரத்தை ஏற்றுவதும் இறக்குவதும் எவ்வாறு என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

உயிருள்ள யானைக்குப் பாரம் மிகுந்தால் அது நகர மறுக்கும், பாகன் புரிந்துகொள்வான். இரும்பு யானையோ மறுப்பதில்லை. அளவுக்கு மேல் ஏற்றினாலும் தாங்குவதுபோலவே தோன்றும். பிறகு ஒரு நாள், சற்றும் எதிர்பாராத இடத்திலே, அச்சையோ டயரையோ பிரேக்கையோ கைவிட்டுவிடும். எனவே அது சொல்லாததை நாம்தான் கணக்கிட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

பண்டங்களைத் தனித்தனியே தூக்காமல், ஒரு பலகைத்தட்டின்மேல் அடுக்கிக் கட்டி, தட்டோடு சேர்த்து நகர்த்தும் முறை இக்காலத்தில் எங்கும் பரவியுள்ளது. அத்தட்டினைப் 'பேலட்' என்பர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைகளின் சரக்குப் போக்குவரத்தில் இது பெருவழக்காயிற்று. அடியில் இடைவெளி விட்டுப் பலகைகளை அறைந்திருப்பார்கள். அவ்விடைவெளியில் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இரு இரும்புக் கரங்கள் நுழைந்து முழுவதையும் தூக்கிவிடும். ஐம்பது முறை குனிந்து நிமிர வேண்டிய வேலை ஒரே தூக்கில் முடிகிறது. தொழிலாளியின் இடுப்புக்கு இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை.

ஆனால் பெரிய லாரிக்கும் கப்பற் பெட்டகத்துக்கும் ஏற்ற இப்பாரம் சிறு வண்டியை நாடி வரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. சித்தூர் மாவட்டத்தில் நிகழும் ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இம்மாவட்டமும் அண்டையிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டமும் மாங்கூழ்த் தொழிலுக்குப் பேர்போனவை. கிளிமூக்கு என நாம் அழைக்கும் தோத்தாபுரி மாங்கனியைப் பிழிந்து, கிருமி நீக்கி, 'டிரம்' எனப்படும் இரும்புப் பீப்பாய்களில் அடைத்து வெளிநாடுகளுக்கும் அனுப்புகின்றனர். ஒரு பீப்பாயில் ஏறத்தாழ 215 கிலோ கூழ் இருக்கும். பீப்பாயின் எடையையும் சேர்த்தால் 235 கிலோ என்று கொள்ளலாம். ஒரு தட்டில் நான்கு பீப்பாய்கள் நிற்கும். நான்கும் சேர்ந்து 940 கிலோ. தட்டின் எடை ஒரு 20 கிலோ. ஆக மொத்தம் 960 கிலோ.

இந்நான்கு பீப்பாய்களும் நிற்பதற்கு ஏறக்குறைய 4 அடிச் சதுரம் போதும். குட்டி யானையின் தொட்டியோ சுமார் 7 அடி நீளமும், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உடையது. தட்டினை வைத்த பிறகும் மூன்றடி இடம் மிஞ்சி நிற்கும். "இவ்வளவு இடம் இருக்கிறதே, இன்னும் இரண்டு பெட்டியை வைத்தால் என்ன?" என்று சரக்குக்காரர் கேட்பது இயல்பே. ஆயினும் முதன்முதல் வந்த ஏஸ் வண்டி சுமக்கத் தக்க பாரம் 750 கிலோ. அவ்வொரு தட்டே அதனை மீறிவிட்டது. இடம் உண்டு, வலிமை இல்லை. இதுவே நாம் இன்று மனத்திற் கொள்ள வேண்டிய தலையாய உண்மை.

மயிலிறகாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்தார். மயிலிறகு ஏற்றும்போது தொட்டி நிரம்பி வழிவதைக் கண்ணால் கண்டு நிறுத்திக்கொள்ளவாவது இயலும். கூழ்ப் பீப்பாய், கிரானைட் பலகை, தரை ஓடு, சிமெண்டு மூட்டை போன்றவை தொட்டி பாதி காலியாக இருக்கும்போதே அச்சினை முறிக்க வல்லவை. இவற்றுக்குக் கண் அளவுகோல் ஆகாது. எடைச் சீட்டு ஒன்றே அளவுகோல்.

வண்டி சுமக்கத் தக்க பாரத்தை அறிவது எப்படி? பதிவுச் சான்றிலே இரண்டு எடைகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று வெற்று வண்டியின் எடை. மற்றது பாரத்தோடு கூடிய மொத்த எடையின் உச்ச வரம்பு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதே நமக்கு உரிய பாரம். இதில் பலரும் கவனியாத நுட்பம் ஒன்று உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வெற்று எடையில் ஓட்டுநர், துணையாள் ஆகியோரின் எடை சேராது. ஆகவே அவர்களும் பாரக் கணக்கிலேயே வருவர். கழித்து வரும் எண் 750 ஆயின், இருவர் எடை 130 கிலோ போக எஞ்சுவது 620. அதில் இரண்டு பீப்பாய்களே ஏறலாம். மூன்றாவது ஏறினால் வரம்பு கடந்துவிடும். முழுத் தட்டும் ஒரே நடையில் போக வேண்டுமெனில், ஒன்றேகால் டன் சுமக்கும் வண்டியை அமர்த்துவதே முறை. ராமகுப்பத்திற்கு அண்மையிலுள்ள ஓசூரில் செய்யப்பட்டு 2011-இல் வெளிவந்த அசோக் லேலண்டு 'தோஸ்த்' அத்தகையது.

இனி, ஏற்றும் பாரம் வண்டியில் எங்கே அமர வேண்டும் என்பதைக் காண்போம். மாட்டுவண்டி ஓட்டிய நம் பாட்டன்மார் இதனை நன்கு அறிந்திருந்தனர். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி காளையின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழுந்து கழுத்துக் கயிறு இறுகும். காளையின் நிலையைப் பார்த்தே மூட்டையை முன்னும் பின்னும் நகர்த்தி வைத்தனர். மோட்டார் வண்டியிலும் இதே நியதிதான். குட்டி யானையின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் 7 அடி. பின் அச்சுக்கு ஓர் அடி பின்னால் 600 கிலோ பாரத்தின் நடுப்பகுதி அமர்ந்தால், முன் சக்கரங்களின் மேலுள்ள எடையில் ஏறத்தாழ 86 கிலோ குறைந்துவிடும். திருப்புவதும் முன் சக்கரங்களே. பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவதும் அவையே. அவை தரையை இலேசாகத் தொட்டு ஓடினால், வளைவிலே வண்டி நம் சொல் கேளாது.

ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்புறமாக வந்து தட்டினை வைக்கும்போது பெரும்பாலும் இத்தவறே நேர்கிறது. அதன் கரம் எட்டும் தூரம் குறைவாதலால் தட்டு பின்கதவை ஒட்டியே நின்றுவிடும். பக்கப் பலகையை இறக்கக்கூடிய வண்டியாயின், பக்கவாட்டில் நிறுத்தி, ஓட்டுநர் அறையை ஒட்டித் தட்டினை வைக்கச் செய்யலாம். இயலாதாயின், வைத்தபின் முன்னே தள்ளாமல் புறப்படக் கூடாது.

ஏற்றுமிடத்தில் ஃபோர்க்லிஃப்ட் இல்லையென்றால் என்செய்வது? பாதையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நாம் கண்டிருக்கிறோம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நாட்டுவது வழக்கம். தலைச்சுமையோடு வருபவர், பிறர் துணையின்றி, குனியாமல், சுமையை அதன்மேல் நகர்த்தி வைத்து இளைப்பாறலாம். சுமை இருக்கும் உயரத்துக்கே இடம் அமைந்திருப்பதுதான் அதன் நுட்பம். கிடங்குகளில் வண்டித் தொட்டியின் உயரத்துக்கு மேடை கட்டுவதும் அதே தத்துவம். மேடையுள்ள இடத்தில், தட்டினைத் தூக்கித் தள்ளும் கைவண்டியால் ஒருவரே பல நூறு கிலோவை நகர்த்த முடியும். ஆனால் அக்கைவண்டி வழுவழுப்பான சமதளத்துக்கு மட்டுமே உரியது. மண் தரையில் அதன் சிறு சக்கரங்கள் புதையும். சரிவில் அதனைப் பிடித்து நிறுத்த இயலாது.

மேடையும் இயந்திரமும் இல்லாத இடத்தில் தட்டோடு தூக்க முற்படுவது பேதைமை. கட்டினை அவிழ்த்துச் சிறு சிறு பாரங்களாகவே ஏற்ற வேண்டும். ஓர் ஆண் தொழிலாளி தனியே சுமக்கும் எடை 55 கிலோவை மிஞ்சலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது. பிரிக்க இயலாத பீப்பாயை நாலு பேர் கூடித் தூக்கிவிடலாம் என்று எண்ணுவது தவறு. ஒருவர் கால் வழுக்கினால் மற்ற மூவருக்கும் ஆபத்து. அச்சரக்கு இயந்திரம் உள்ள இடத்துக்குக் காத்திருக்கட்டும்.

பாரம் ஏறியபின் கட்டவேண்டும். பாரம் தன் எடையாலேயே அசையாது நிற்கும் என நம்புவோர் உளர். சாலை நேராகவும் வேகம் சீராகவும் இருக்கும்வரை அது நிற்கும். திடீரென்று பிரேக்கை மிதித்தால் நிற்காது. ஐரோப்பிய நாடுகளின் நியமப்படி, சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையை முன்புறத்திலும், பாதியளவு விசையைப் பக்கங்களிலும் பின்புறத்திலும் கட்டும் தடுப்பும் தாங்க வேண்டும். நம் 960 கிலோ தட்டுக்கு அது முன்புறம் ஏறத்தாழ 770 கிலோ விசையாகும். பழங்கயிறு இதனைத் தாங்காது. இறுக்கும் பட்டைகளே வேண்டும். புறப்பட்டுச் சில கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி, தளர்ந்ததை மீண்டும் இறுக்க வேண்டும்.

மலைப்பாதையிலோ இவை அனைத்தும் ஒருங்கே சோதனைக்கு உள்ளாகின்றன. ராமகுப்பத்துச் சரக்கு சமவெளிக்கு இறங்க வேண்டுமாயின், வி.கோட்டாவிலிருந்து பேரணாம்பட்டுக்குச் செல்லும் பத்தலப்பல்லி மலைவழியும், பலமநேருக்குக் கிழக்கேயுள்ள மொகிலி மலைவழியும் உண்டு. மொத்தம் 1,500 கிலோ எடையுள்ள வண்டி 300 மீட்டர் உயரம் இறங்குகையில், முழு வேகத்தடையும் பிரேக்கினாலேயே நிகழுமாயின், அதில் உண்டாகும் வெப்பம் 15 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. எடை கூடக் கூட வெப்பமும் கூடும். அளவு மீறிச் சூடேறிய பிரேக் பிடிக்காது. ஏறுவதற்கு எந்த கியரோ, இறங்குவதற்கும் அதே கியர் என்பது பழகிய ஓட்டுநர் சொல். பாரத்தின் ஒரு பகுதியை எஞ்சின் தாங்கிக்கொள்ளும் வழி அதுவே.

சட்டம் கூறுவதையும் அறிந்துகொள்வோம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அளவு மீறிய பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். மிகைப் பாரத்தை இறக்கும் செலவும் நம்மைச் சேர்ந்தது. அவ்விடத்திலேயே செலுத்தித் தீர்க்கும் தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடலாம். ஓட்டுபவர் மட்டுமன்றி, அவ்வாறு ஓட்டச் செய்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் இதற்குப் பொறுப்பாவர் என்பதும் சட்டத்திலேயே உள்ளது. ஆயினும் சாலையில் வண்டியை நிறுத்தும்போது அங்கே நிற்பவர் ஓட்டுநர் ஒருவரே. ஏற்றச் சொன்னவர் நெடுந்தொலைவில் இருப்பார்.

அன்பர்களே! அயல் மாநிலத்தில் பிழைக்கச் சென்றவர்க்கு இதுவே பெரும் இக்கட்டு. "நீ ஏற்றாவிட்டால் அடுத்த வண்டி ஏற்றும்" என்று சரக்குக்காரர் சொல்வார். கடன் தவணை நினைவுக்கு வரும். மொழியும் முழுமையாகக் கைவராத நிலையில், மறுத்துப் பேச நாவெழாது. எனவேதான் மூன்று கேள்விகளை நாம் வாழும் ஊரின் மொழியிலே, தெலுங்காயினும் கன்னடமாயினும் மராத்தியாயினும், தெளிவாகக் கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும். ஒன்று: மொத்த எடை எவ்வளவு? இரண்டு: எடைச் சீட்டு எங்கே? மூன்று: இறக்குமிடத்தில் மேடையோ இயந்திரமோ உண்டா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின்பே வாடகை பேச வேண்டும். ஒரே நிறுத்தத்தில் நிற்கும் வண்டிக்காரர் அனைவரும் ஒன்றுகூடி இவ்வழக்கத்தை மேற்கொண்டால், "அடுத்த வண்டி ஏற்றும்" என்ற சொல்லுக்கு வலிமை இராது. இரண்டு நடைக்கு உரிய பாரத்துக்கு இரண்டு நடை வாடகை என்பதும் தானே நிலைபெறும்.

வண்டியின் வலிமையை அறிந்து, அதற்கு மேல் ஒரு மூட்டையும் ஏற்றேன் என்று சொல்லத் துணிபவரே நெடுங்காலம் வண்டி ஓட்டுவர்; அவரை நம்பி வீட்டில் காத்திருப்போரும் கவலையின்றி உறங்குவர்.