கர்னால் கோபுரம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற குளிர்காலத்தில் நம் காலனியைச் சேர்ந்த சில குடும்பத்தினர் கர்னாலுக்குச் சென்று வந்தோம். தில்லியிலிருந்து ரயிலில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அங்கே ஒரு தேவாலயக் கோபுரம் தன்னந்தனியே நிற்கக் கண்டோம். நான்கு அடுக்குகள், சுமார் 100 அடி உயரம், உச்சியில் பெரியதொரு சிலுவை. "கோபுரம் இருக்கிறது, கோயில் எங்கே?" என்று குழந்தைகள் கேட்டனர். அதன் விடையைத் தங்கள் முன் வைக்கவே வந்துள்ளோம்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கர்னாலில் இராணுவப் பாளையம் ஒன்றை நிறுவினர். படையினர் வழிபடத் தேவாலயமும் எழுந்தது. ஆனால், மேற்கு யமுனைக் கால்வாயினால் அப்பகுதியின் இயற்கை வடிகால் தடைபட்டது, நீர் தேங்கி நிலம் சதுப்பாயிற்று, மலேரியா பரவிற்று. அந்நோயைப் பரப்புவது கொசுவே என்பதற்கு ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் சான்று கண்டது 1897-இல்தான். அதை அறியாத அக்காலத்தில் ஊரை விட்டு அகல்வதன்றி வேறு வழி தோன்றவில்லை. 1843-இல் அம்பாலாவில் புதிய பாளையம் அமைந்தது.

படையுடன் தேவாலயமும் புறப்பட்டது! கட்டடத்தைப் பிரித்துப் பொருள்களை அம்பாலாவுக்குக் கொண்டு சென்றனர். கோபுரத்தை மட்டும் விட்டுச் சென்றனர். காரணம், அது அரசாங்கப் பணத்தில் எழுந்ததன்று. பொது நன்கொடையால் எழுந்தது. இன்று அதனைத் தொல்லியல் துறை காத்து வருகிறது.

அன்பர்களே! நாமும் மாற்றலுக்கு உட்பட்டவர்களே. உத்தரவு வந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மூட்டை முடிச்சுகளுடன் ரயிலேறுகிறோம். "இரண்டு ஆண்டில் போகப் போகிறவர்களுக்குச் சங்க நூலக நிதி எதற்கு?" என்று நம்மிற் சிலர் கேட்பதுண்டு. ஒளிப்பானேன்? நாங்களும் கேட்டவர்களே. அக்கோபுரத்தின் நிழலில் நின்றபோது அக்கேள்வியை எண்ணி நாணினோம்.

கோபுரத்திற்குப் பொருள் தந்தவர்கள் நம் இனத்தவரல்லர். நாட்டை ஆள வந்த கூட்டத்தினர். அவர்களும் போய்விட்டனர், அவர்கள் பெயர்களையும் நாம் அறியோம். எனினும் அவர்கள் கூடிக் கொடுத்தது நிற்கிறது.

சர்க்கார் தந்த வீட்டைச் சர்க்கார் திரும்பப் பெற்றுக்கொள்ளும். நாம் கூடித் தந்த நூலகமோ இங்கேயே நிற்கும். நாளை இக்காலனிக்கு வரும் ஒரு தமிழ்க் குழந்தை அங்கே அமர்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கும். நம் பெயரை அது அறிய வேண்டுவதில்லை.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!