ஓர் அத்தியாயம் கேட்டார்கள்



பட்டமளிப்பு மேடையில் நின்றால் கனவு காணச் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். நான் பழைய புத்தகங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். படம் எடுக்கக் குடும்பமே காத்திருக்கிறது என்பது தெரியும், சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

1902-இல் சார்ல்ஸ் பர்ட்டன் பக்லி என்ற வழக்கறிஞர் சிங்கப்பூரின் பழங்கதைகளை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். பதிப்பித்தது ஃப்ரேசர் அண்ட் நீவ். ஆமாம், சோடா விற்ற அதே நிறுவனம்தான். 1819 முதல் 1867 வரையிலான ஊர்ச் சங்கதிகளை, பெரும்பாலும் பழைய பத்திரிகைகளிலிருந்து, அவர் திரட்டினார். பாதி வரலாறு, பாதி வம்பு. எனக்கு அந்த வம்புதான் பிடிக்கும்.

1919-இல் ஊருக்கு நூறு வயது நிறைந்தது. அதையொட்டி மேக்பீஸ் முதலான மூவர் தொகுத்த நூற்றாண்டு நூல் 1921-இல் லண்டனில் வெளிவந்தது. அதில் சீனர்களைப் பற்றிய பகுதியாகத் தொடங்கியதுதான் சோங் ஓங் சியாங்கின் எழுத்து. அவரும் வழக்கறிஞர்தான். எழுத எழுத அது தொகுப்புக்குள் அடங்காமல் பெருத்து, 1923-இல் தனி நூலாகவே வந்துவிட்டது. பத்தாண்டு பத்தாண்டாகப் பிரித்து, யார் எப்போது வந்தார், என்ன கடை வைத்தார், எந்தப் பொதுக் காரியத்துக்குக் கொடுத்தார் என்று பெயர் பெயராக எழுதினார். இன்றும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டாமல் இருப்பதில்லை.

நம் பக்கம் வருவோம். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். உட்சுவரில் அவர்கள் பூசிய மெட்ராஸ் சுண்ணாம்பின் பக்குவம் நமக்குத் தெரியும்: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். இதெல்லாம் எப்படித் தெரிகிறது? கைதிகளை மேற்பார்த்த அதிகாரி மெக்நேர் 1899-இல் புத்தகம் போட்டார். கலவையில் சேர்ந்த பொருள்களெல்லாம் அச்சேறின. குழைத்துப் பூசியவர்களின் பெயர்களை எங்கே தேடுவது?

நம்மவர்கள் எழுதாமல் இல்லை. மகுதூம் சாயபு 1887-இல் 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கினார். 1893-இல் ரங்கசாமி தாசன் சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயத்தைப் பற்றி ஒரு லாவணியே பாடி அச்சிட்டார். அந்தக் காலத்துப் பந்தயத் திடல் எது தெரியுமா? ஃபேரர் பார்க். இன்று நீங்கள் மீன்தலைக் கறி சாப்பிடப் போகும் ரேஸ்கோர்ஸ் சாலைக்குப் பெயர் வந்தது அதனால்தான். ஆக, தேக்காவுக்குப் பக்கத்து வேடிக்கையைத் தமிழில் பதிந்துவைக்க அன்றே ஆள் இருந்தார். அந்தப் பாட்டையும் பத்திரிகையையும் கடைக்கணக்கையும் ஒன்றுசேர்த்து நூறாண்டுக் கதையாக்க, தமிழில் ஒரு சோங் அந்தத் தலைமுறையில் வரவில்லை. 1936-இல் ஆர். பி. கிருஷ்ணன் மலாயா இந்தியர் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆங்கிலத்தில், ஈராயிரம் ஆண்டுக் கடலோட்டத்தை அள்ளிக்கொண்டு. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் சிராங்கூன் சாலையின் மளிகைக்கடை எப்படிக் கண்ணில் படும்?

சோங்குக்கும் பக்லிக்கும் வரலாறு பிழைப்பில்லை. கோர்ட்டு வேலை போக மிச்சமிருந்த நேரத்தில் எழுதினார்கள். நீங்கள் வங்கிக்கோ மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ வேலைக்குப் போகலாம். சனிக்கிழமை மதியம் உங்களுடையது. விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகம் இருக்கிறது. 1935-இல் பிறந்த தமிழ் முரசின் பழைய இதழ்களை இணையத்திலேயே படிக்கலாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. உங்களில் சிலர் பிடிஓ என்ற அரசு அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பித்திருப்பீர்கள். கும்பாபிஷேக மலர், சங்கத்து ஆண்டுவிழா மலர், தாத்தா கடையின் கணக்கு நோட்டு, இவையெல்லாம் குப்பைக்குப் போவது வீடு மாறும்போதுதான். பெட்டி கட்டுகிற அன்று பக்கத்தில் நில்லுங்கள். பழைய புகைப்படத்தின் பின்னால் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பாட்டியைக் கேட்டுப் பென்சிலால் எழுதுங்கள். வைக்க இடமில்லை என்றால் தேசிய நூலகத்திடம் கேட்டுப் பாருங்கள். இப்படிப்பட்டவற்றை நன்கொடையாகப் பெற்றுக்கொள்கிறார்கள்.